யாரிடம் சொல்வது?

ராஜா அண்ணாமலைபுரத்துத் தெருவொன்றில் சாக்கடை பொங்கி வழிகிறது என்று வைத்துக்கொள்வோம். மூக்கைப் பொத்தியபடி நடக்கிறான் ஒருவன். முணுமுணுத்தபடி நடக்கிறான் மற்றொருவன். மூன்றாமவன் நிற்கிறான், "இதை யாரிடம் சொல்வது?" என்று கேட்கிறான். நண்பர்களே, அந்த மூன்றாமவனைப் பற்றியதே இக்கட்டுரை. அவனுடைய கேள்விக்குச் சென்னை மாநகரம் விடை தேடத் தொடங்கி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன.

1687 டிசம்பர் 30ஆம் நாள் சாசனம் ஒன்று பிறந்தது. இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஜேம்சின் இசைவோடு கிழக்கிந்தியக் கம்பெனியார் தீட்டியது. அதன்படி 1688 செப்டம்பர் 29 அன்று சென்னையில் மாநகராட்சி அரங்கேறிற்று. மேயராக நத்தானியல் ஹிக்கின்சன், ஆல்டர்மென் பன்னிருவர், அவர்களுக்குக் கீழே பர்ஜெஸ் எனும் பெயரில் உறுப்பினர்கள். அங்கி என்ன, செங்கோல் என்ன, அணிவகுப்பு என்ன! கடல் கடந்து வாணிபம் செய்ய வந்த கம்பெனிக்கு நம்மவர்மீது திடீரென இத்தனை அன்பு சுரந்தது ஏன்? கோட்டைச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. கம்பெனி வரி கேட்டால் மக்கள் முகம் சுளித்தனர். மக்கள் தங்களுள் சிலரைக் கொண்டே வரி விதித்துக்கொண்டால் மனமுவந்து கட்டுவார்கள் என்று கணக்குப் போட்டார், இலண்டனில் அமர்ந்து கம்பெனியை ஆட்டிவைத்த ஜோசையா சைல்டு. நகர மண்டபம் எழுப்பலாம், சிறைச்சாலை கட்டலாம், இந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கலாம் என்றெல்லாம் சாசனம் இனிக்க இனிக்கப் பேசிற்று. வாங்குவதற்கு வழி வகுத்தாயிற்று, குறை கேட்பதற்கு?

அடுத்த இரண்டு நூற்றாண்டுகளை ஒரே தாவலில் கடந்துவிடுவோம். அங்கே நம் மூன்றாமவனுக்கு இடமில்லை. 1882இல் ரிப்பன் பிரபு தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டபோதுதான், நகரத்தை நகரத்தார் ஆளட்டும் என்ற எண்ணம் அரசாங்க ஏட்டில் ஏறிற்று. அவர் பெயர் தாங்கிய வெண்மாளிகைக்கு 1909இல் கால்கோள் நடந்தது. 1913இல் திறப்பு விழா நடந்தது. குறை சொல்ல வருவோருக்கு ஒரு வாயில் கிடைத்தது. உள்ளே உட்கார்ந்து கேட்பவர் யார் என்பதுதான் அடுத்த கேள்வி.

அங்கே இருவரை நாம் சந்திக்கிறோம். ஒருவர் பிட்டி தியாகராயர், மற்றவர் டாக்டர் டி. எம். நாயர். பின்னாளில் தோளோடு தோள் நின்ற இவ்விருவரும் மாநகராட்சி மன்றத்தில் மோதிக்கொண்டனர் என்றால் வியப்பாயிருக்கும். மோதலுக்குக் காரணம் தண்ணீர்! திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் குளத்துக்கு மாநகராட்சி தண்ணீர் தரவேண்டும் என்றார் தியாகராயர். கூடாது என்றார் நாயர். வாக்குவாதம் முற்றிற்று, மனம் கசந்து நாயர் பதவியைத் துறந்தார். நகரத்தின் தண்ணீர் முதலில் சேரவேண்டிய இடம் குழாயடியா, குளமா? என்னைக் கேட்டால் நாயர் பக்கம்தான் நிற்பேன். ஆனால், ஊரார் தண்ணீரை எங்கே செலவிடுவது என்பதை ஊரார் மன்றத்திலே, உரக்க, எதிரெதிராக நின்று பேசினார்களே, அதைப் போற்றாமல் இருக்க முடியவில்லை. 1916இல் அதே இருவரும் பகை மறந்து நீதிக்கட்சிக்கு வித்திட்டனர்.

1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தியாகராயர் மாநகராட்சியின் தலைவராக வீற்றிருந்தார். ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகள் பட்டினியோடு பாடம் கேட்டனர். பசித்த பிள்ளை மனு எழுதுமா? எழுதாது, பள்ளிக்கு வராமல் நின்றுவிடும், அவ்வளவுதான். 1920இல் அப்பள்ளியில் சிற்றுண்டி வழங்க மன்றம் இசைவளித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. எழுதப்படாத மனுவுக்குக் கிடைத்த மறுமொழி அது. இன்று தமிழகம் முழுதும் கொதிக்கும் சத்துணவுக் கூடத்து உலைக்கு முன்னோடி அந்த ஓரணாதான்.

1933இல் மேயர் பட்டம் மீண்டும் உயிர்பெற்றது. முதல் மேயர் முத்தையா செட்டியார்; ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மைந்தர். தந்தையாரின் பெயரைத்தான் நம் ராஜா அண்ணாமலைபுரம் சூடியிருக்கிறது. 1937இல் சிவசண்முகம் பிள்ளை, 1945இல் என். சிவராஜ்! ஊருக்கு வெளியே நில் என்று சொல்லப்பட்ட மக்களிடையே பிறந்தோர், ஊருக்கே தலைவராய் அந்த நாற்காலியில் அமர்ந்தனர். 1959இல் தி.மு.கழகம் மாநகராட்சியில் வெற்றி கண்டது, அ. பொ. அரசு மேயரானார்.

இனி வருவதைச் சொல்லக் கூச்சம்தான். ஆனாலும் மறைப்பது முறையாகாது. இல்லாத கூலியாட்களின் பெயரை வருகைப் பட்டியலில் ஏற்றிப் பணம் சுருட்டிய மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. 1973 டிசம்பர் 1 அன்று மன்றம் கலைக்கப்பட்டது. கலைத்தது கழக ஆட்சியே. களவு கண்டால் கையைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால், பிடித்த கையை இருபத்து மூன்று ஆண்டுகள் விடாமல் வைத்திருந்தால்? எத்தனை ஆட்சிகள் மாறின! 1996 வரை சென்னைக்கு மன்ற உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. அதிகாரிகள் ஆண்டனர். அவர்களில் நல்லவர்கள் இருந்திருப்பர், வல்லவர்களும் இருந்திருப்பர். ஆனால் அடுத்த தேர்தலில் உன் வாசலுக்கு வந்து நிற்கவேண்டிய கட்டாயம் அவர்களில் எவருக்கும் இல்லை. இடையிலே 1978இல் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்துக்குப் போயின. பொங்கும் சாக்கடைக்கு ஓர் அலுவலகம், அது பெயர்த்த சாலைக்கு மற்றோர் அலுவலகம்!

1996இல் தேர்தல் வந்தது, மு. க. ஸ்டாலின் மக்களால் நேரடியாக மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2011இல் நகரம் 426 சதுர கிலோமீட்டராக விரிந்து, 200 வட்டங்கள் ஆயின. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது; தேர்தல் நடக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் வர்தா புயல் வீசி மரங்களைச் சாய்த்தது. அப்போது வட்ட உறுப்பினர் இல்லை. 2020இல் கொள்ளை நோய் வந்தது, அப்போதும் இல்லை. 1913 என்ற தொலைபேசி எண் இருந்தது. வெண்மாளிகை திறந்த ஆண்டே புகார் எண்ணாகவும் அமைந்தது ஒரு வேடிக்கை. எண்ணிடம் புகார் சொல்லலாம், வாக்குச் சீட்டைக் காட்டி அதை மிரட்ட முடியாது. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து, மார்ச்சில் ஆர். பிரியா மேயரானார், தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து அப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி.

மீண்டும் ராஜா அண்ணாமலைபுரத்துக்கே வருவோம். அங்கே பக்கிங்காம் கால்வாயோரம் கோவிந்தசாமி நகர். பல்லாண்டுகளாகக் குடியிருந்த எளியோரின் வீடுகள், ஆக்கிரமிப்பு என்று நீதிமன்றம் பிறப்பித்த ஆணைப்படி 2022இல் இடிபடத் தொடங்கின. புதிய மன்றம் அமர்ந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. அம்மக்கள் கேட்டது பிழைப்புக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் அருகே மாற்று வீடு. யாரிடம் சொல்வது? சாலை மாநகராட்சியினுடையது. சாக்கடை குடிநீர் வாரியத்தினுடையது. கால்வாய் நீர்வளத் துறையினுடையது. வீடு தரவேண்டியது, 1970இல் குடிசை மாற்று வாரியமாய்ப் பிறந்து பெயர் மாறிய மற்றொரு வாரியம். ஆணையோ நீதிமன்றத்தினுடையது. அந்த மே மாதத்தில், கண்ணெதிரே வீடுகள் சரிவதைக் கண்ட முதியவர் ஒருவர் தீக்குளித்து மாண்டார்.

இனி இடிப்பதற்கு முன்பே மக்களைக் கலந்து பேசுவோம், மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியிலேயே வீடு தருவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது, அதற்குப் பிறகு.