மோசமான கேரக்டர்கள் நமக்குப் பிடிப்பது ஏன்? தெருக்கூத்து முதல் சிட்காம் வரை

பொய் சொல்வார், ஏமாற்றுவார், அடுத்தவர் காசில் சாப்பிடுவார். இப்படி ஒருத்தர் பக்கத்து வீட்டுக்கு வந்தால் நாம வீட்டைக் காலி பண்ணிடுவோம். அதே ஆள் டிவியில் வந்தால் சேனலை மாத்தாம பார்க்கிறோம். ஏன் இப்படி? பார்க்கலாம்.

திருந்தவே திருந்தாத ஹீரோக்கள்

ஒரே குடும்பம் அல்லது ஒரே நண்பர் கூட்டம், எபிசோடுக்கு ஒரு சிக்கல். இதுதான் சிட்காம். அமெரிக்காவில் 1989 முதல் 1998 வரை ஒளிபரப்பான 'சைன்ஃபெல்ட்' தொடரில் யாரும் உருகிக் கட்டிப்பிடிக்கக் கூடாது, யாரும் பாடம் கற்றுக்கொள்ளவும் கூடாது என்பது அதை உருவாக்கியவர்களில் ஒருவரான லேரி டேவிட் வைத்த விதி. கடைசி எபிசோடில், கண்ணெதிரே ஒருவரிடம் கார் பறிக்கப்படுவதைக் கிண்டலடித்தபடி வேடிக்கை பார்த்ததற்காக நால்வரும் ஜெயிலுக்குப் போகிறார்கள்.

தமிழில் சன் டிவியின் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' மாமியார், மருமகள் மோதலை வைத்தே ஓடியது. சினிமாவில் 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழ காமெடியைச் சொல்லலாம். ஒரு பழத்தைத் தின்னுட்டு, கையில் இருப்பதுதான் அந்த இன்னொரு பழம் என்று சாதிப்பார் செந்தில். கவுண்டமணி அடிக்கப் பாய்வார். இருவருமே நல்ல பிள்ளைகள் இல்லை. ஆனாலும் இன்றைக்கும் சிரிக்கிறோம்.

கள்ளக்குறிச்சி பக்கம் இது பழசு

டிவி வருவதற்கு ரொம்ப முன்னாடியே கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் இருக்கிறார். ராஜா வருவதை அறிவிப்பதுதான் அவர் வேலை. ஆனால் வந்த ராஜாவையே கிண்டல் செய்வார், எதிர்க்கேள்வி கேட்பார், எல்லை மீறிப் பேசுவார். துரியோதனன் முன்னால் ஊர்க்காரர்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அவர் சொல்லிடுவார்.

சிரிப்பு எங்கிருந்து வருது?

நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது தொல்காப்பியம். அதில் முதலாவது எள்ளல், அதாவது ஏளனம். 'அவனை விட நாம பரவாயில்லை' என்ற நினைப்பே ஒரு சுகம்.

அமெரிக்க ஆய்வாளர்கள் மெக்ரா, வாரன் 2010-ல் இன்னொரு விளக்கம் தந்தார்கள். ஒரு விதி மீறப்படணும், அதே நேரத்தில் அதனால் பெரிய பாதிப்பு இல்லைன்னும் தோணணும். இரண்டும் சேர்ந்தால் சிரிப்பு வரும். போனது ஒரு வாழைப்பழம்தான் என்பதால் செந்திலைப் பார்த்துச் சிரிக்க முடிகிறது.

சிக்கல் எங்கே?

1971-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடரின் ஆர்ச்சி பங்கர், மற்ற இனத்தவரை இழிவாகப் பேசும் ஆள். அவரைக் கேலி செய்யவே தொடர் எடுக்கப்பட்டது. ஆனால் 1974-ல் வெளியான வித்மர், ரோக்கீச் ஆய்வில் தெரிந்தது வேறு. ஏற்கெனவே இன வெறுப்பு உள்ளவர்கள், 'ஆர்ச்சி சரியாத்தானே சொல்றார்' என்று ரசித்திருந்தார்கள். எழுதியவர் ஒன்றை நினைக்க, பார்ப்பவர் வேறொன்றை எடுத்துக்கொள்கிறார்.

நம்ம ஊரில் இதற்கு உதாரணம் குடிகார காமெடி. தள்ளாடுவது, உளறுவது, மனைவியிடம் அடி வாங்குவது என்று காலம்காலமாகச் சிரிக்க வைக்கும் ஃபார்முலா அது. குடித்தவர் மறுநாள் காலையில் எழுந்திடுவார் என்ற நம்பிக்கையில்தான் அந்தச் சிரிப்பு வருது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கல்வராயன் மலையில் சாராய ஊறல் அழிப்பு என்பது இந்த மாவட்டத்தில் அடிக்கடி வரும் செய்தி. பாதிப்பை நேரில் பார்த்த வீட்டில் அதே காட்சி ஓடினால், விதிமீறல் மட்டும்தான் தெரியும். சிரிப்பு வராது.

அப்போ ரசிக்கலாமா, கூடாதா?

தாராளமா ரசிக்கலாம். மோசமான கேரக்டரை ரசிப்பதால் மட்டும் யாரும் மோசமாகிவிட மாட்டார்கள். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். தப்பு செய்தவரைப் பார்த்துச் சிரிக்கிறோமா, அவரிடம் மாட்டிக்கொண்டவரைப் பார்த்துச் சிரிக்கிறோமா? கட்டியக்காரன் கிண்டல் செய்தது ராஜாவை. எதிரே உட்கார்ந்திருந்த ஊர் ஜனம் அவரோடு சேர்ந்து சிரித்தது.