யானை பார்த்த பரண்

மழைக்காட்டில் யானை பார்ப்பது லேசான காரியமில்லை. புல்வெளியில் என்றால் ஜீப்பில் உட்கார்ந்தபடியே தூரத்தில் மேயும் கூட்டத்தைப் பார்த்துவிடலாம். காங்கோ படுகைக் காட்டில் பத்தடி தள்ளி நிற்கும் யானைகூட இலைகளுக்குள் மறைந்துவிடும். விமானத்தில் பறந்து எண்ணவும் வழியில்லை. லத்தியை எண்ணித்தான் கணக்குப் போட்டார்கள்! அதனால் ஆப்பிரிக்க மழைக்காட்டு யானையின் வாழ்க்கை பற்றி வெகுகாலம் யாருக்கும் அதிகம் தெரியவில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தென்மேற்கு மூலையில், பயாங்கா ஊருக்கு அருகே 'ட்ஸாங்கா பாய்' என்றொரு இடம் இருக்கிறது. (நாம் விரித்துப் படுக்கும் பாய் அல்ல. அந்தப் பகுதி மொழியில் காட்டுக்கு நடுவே உள்ள வெட்டவெளி என்று பொருள்.) சுமார் 500 மீட்டர் நீளம், 250 மீட்டர் அகலம். மண்ணில் உப்புச் சத்து இருப்பதால் யானைகள் குழி தோண்டி, தும்பிக்கையை உள்ளே விட்டு ஊதி, கலங்கிய நீரைக் குடிக்கும். ஒரே நாளில் நூறு யானைகள் கூடுவதும் உண்டு. காட்டெருமை, போங்கோ மான், கொரில்லா எல்லாம் வந்து போகும். வெளியின் ஓரத்தில் பார்வையாளர்களுக்காக ஒரு மரப் பரண்.

1990-ல் இந்தப் பகுதி தேசியப் பூங்காவானது. அதே ஆண்டு ஆண்ட்ரியா டர்கலோ என்ற அமெரிக்கப் பெண்மணி அந்தப் பரணில் ஏறி உட்கார்ந்தார். உடன் வந்தவர்கள் காட்டையே வீடாகக் கொண்ட பயாகா மக்கள். அவர் செய்ததெல்லாம் பார்த்தது, வரைந்தது, அவ்வளவுதான். காதில் எங்கே கிழிசல், தந்தம் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, வாலில் முடி எவ்வளவு என்று ஒவ்வொரு யானைக்கும் ஒரு அட்டை. இப்படி இருபது ஆண்டுகளுக்கு மேல்! 3,000-க்கும் அதிகமான யானைகளை அவர் தனித்தனியாக அடையாளம் கண்டார். யார் யாருடைய குட்டி, எது எத்தனை ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது என்பதெல்லாம் பதிவானது. யானைகள் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் பேசுவதைப் பதிவு செய்யக் கார்னெல் பல்கலைக்கழகத்தினரும் அங்கே வந்தார்கள்.

2013 மார்ச்சில் செலக்கா கிளர்ச்சிப் படை தலைநகர் பாங்கியைப் பிடித்தது. டர்கலோ முகாமை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மே 6 அன்று துப்பாக்கி ஏந்திய 17 பேர் ட்ஸாங்கா வெளிக்கு வந்தார்கள். அவர்கள் சுடுவதற்கு ஏறி நின்றது அதே பரணில்தான். யானைகள் பல ஆண்டுகளாக மனிதர்கள் உட்கார்ந்திருக்கப் பார்த்துப் பழகிய பரண் அது. 26 சடலங்கள் கிடந்தன. அவற்றில் நான்கு குட்டிகள்.

இந்த இழப்பு எவ்வளவு பெரிது என்று சொல்லவும் அந்த அட்டைகளே உதவின என்பதுதான் கொடுமை. 2016-ல் டர்கலோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கணக்குப்படி, மழைக்காட்டு யானை முதல் குட்டி போடவே சராசரியாக 23 வயது ஆகிறது. பிறகு ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு குட்டிதான். புல்வெளி யானையோ 12 வயது வாக்கிலேயே ஈனத் தொடங்கிவிடும். 2002 முதல் 2011 வரை மட்டும் மழைக்காட்டு யானைகளில் சுமார் 62 சதவீதம் அழிந்திருந்தது. அதை ஈடுகட்ட ஏறக்குறைய 90 ஆண்டுகள் தேவை என்றார்கள். 2021-ல்தான் இந்த யானையைத் தனி இனமாகக் கருதி, மிக அருகிவிட்ட உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள்.

சுட்டவர்கள் போன பிறகு யானைகள் மெல்ல ட்ஸாங்காவுக்குத் திரும்பின. பார்வையாளர்களும் திரும்பினார்கள். அந்தப் படுகொலை நடந்த ஆண்டில் அங்கே பிறந்த ஒரு பெண் குட்டி, சராசரிக் கணக்குப்படி, 2036 வாக்கில்தான் தாயாகும்.