எக்கின் நாய்களும் டாப்ளர் எண்களும்

குடலிலிருந்து கிளம்பும் இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற பெரிய குழாய் வழியாகக் கல்லீரலுக்கு வந்து, அங்கே சுத்தமான பிறகே மேலே போகிறது. சிரோசிஸ் நோயில் கல்லீரல் தழும்பேறி இறுகிவிடுவதால் இரத்தம் பின்னால் தேங்குகிறது. வயிற்றில் நீர் சேர்கிறது, உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்து வெடிக்கின்றன. அடைபட்ட பாதைக்குப் பதில் ஒரு பைபாஸ் போட்டால் என்ன?

1877-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் எக் என்பவர் இதைத்தான் செய்தார். எட்டு நாய்களுக்குப் போர்ட்டல் சிரையை இதயத்துக்குச் செல்லும் பெருஞ்சிரையோடு இணைத்துத் தைத்தார். ஏழு நாய்கள் ஒரு வாரத்துக்குள் இறந்தன. எட்டாவது இரண்டரை மாதம் பிழைத்திருந்து, ஒருநாள் ஆய்வுக்கூடத்தை விட்டே ஓடிவிட்டது! அந்த ஒரு நாயை நம்பி, மனிதருக்கும் இதைச் செய்யலாம் என்று எக் எழுதியது வியப்புத்தான்.

அதே நகரில் 1893-ல் பாவ்லோவ் குழுவினர் அந்த அறுவையைப் பல நாய்களுக்குச் செய்து பொறுமையாகக் கவனித்தனர். (ஆம், மணியடித்தால் எச்சில் ஊறும் நாய்களுக்குப் பெயர்போன அதே பாவ்லோவ்தான்.) இறைச்சி தின்ற நாய்கள் மூர்க்கமாயின, தள்ளாடின, வலிப்பு வந்து நினைவிழந்தன. கல்லீரலைத் தொடாமல் போகும் இரத்தம், அம்மோனியா போன்ற நச்சுகளை மூளைக்குக் கொண்டுபோகிறது என்பது மெல்ல மெல்லப் புரிந்தது.

வயிற்றைக் கிழிக்காமல் கழுத்துச் சிரை வழியாகவே கல்லீரலுக்குள் பாதை போடும் முறையை 1969-ல் அமெரிக்காவில் யோசப் ரோஷ் நாய்களில் செய்து காட்டினார். ஆனால் பாதை திறந்து நிற்கவில்லை. 1988-ல் ஜெர்மனியில் உலோக ஸ்டென்ட் வைத்து முதன்முதலாக மனிதருக்குச் செய்தனர். இதன் பெயர் டிப்ஸ் (அழகு டிப்ஸ், சமையல் டிப்ஸ் அல்ல!).

இங்கேதான் அல்ட்ராசவுண்ட் வருகிறது. 1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர் இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றிச் சொன்ன தத்துவம், ஓடும் இரத்தத்தின் வேகத்தை வெளியிலிருந்தே அளக்க உதவுகிறது. ஸ்டென்ட்டுக்குள் வேகம் விநாடிக்கு 90 முதல் 190 செ.மீ. வரை இருந்தால் நல்லது. 50-60க்குக் கீழே இறங்கினால் அடைப்பு என்று சந்தேகம். ஒரே எண்ணை விட, முதல் அளவிலிருந்து அது எவ்வளவு மாறியது என்பதே முக்கியம். உறையிட்ட ஸ்டென்ட் என்றால் அந்த முதல் அளவையும் உடனே எடுக்க முடியாது. உறையில் சிக்கிய காற்று சில நாட்களுக்கு ஒலியை மறைத்துவிடும்.

குழாய் அடைபடுமா என்பதை டாப்ளர் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடும். மூளை குழம்புமா என்று கேட்டால்தான் தடுமாறுகிறது. டிப்ஸ் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்தக் குழப்பம் வருகிறது. வயது, முன்பே ஒருமுறை குழம்பியிருப்பது, கல்லீரலில் மிச்சமிருக்கும் சக்தி ஆகியவையே இதில் அதிகம் பேசுகின்றன. பாதை குறுகினால் மறுபடி இரத்தக்கசிவு, அகலமானால் மூளைக்கு நஞ்சு. ஒரே குழாயில் இரண்டு ஆபத்தும் எதிரெதிரே நிற்கின்றன.

பாவ்லோவின் நாய்களை நினைத்தோ என்னவோ, இந்நோயாளிகளுக்குப் பல பத்தாண்டுகள் புரதத்தைக் குறைத்தே வந்தனர். அது உடம்பை உருக்கி நிலைமையை மோசமாக்கும் என்று தெரிந்ததால் இப்போது அப்படிச் செய்வதில்லை. லாக்டுலோஸ் மருந்து கொடுக்கிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டென்ட்டுக்குள் இன்னொன்றை வைத்துப் பாதையைக் குறுக்குகிறார்கள். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, கையெழுத்து கோணலாவது போன்ற முதல் அறிகுறிகளைப் பெரும்பாலும் கண்டுபிடிப்பது வீட்டில் கூட இருப்பவர்கள்தான்.