பெரியப்பாவின் கதையும் பழைய மடிக்கணினியும்



கணக்குப் பார்க்கிறவனுக்கும் கணினி வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். 2025 அக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அதன்பின் நேயர்கள் பலர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "வீட்டில கிடக்கிற பழைய மடிக்கணினியை என்ன செய்யிறது?" அதற்குப் பதில் தேடப்போய், எங்கள் தமிழ் கணினிக்குள் வந்த கதையையே திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

என்னுடைய மடிக்கணினி 2014இல் வாங்கியது. விண்டோஸ் 8.1 உடன் வந்தது. 2015 யூலையில் விண்டோஸ் 10 வெளியாகி ஓராண்டுக்கு இலவசமாகக் கிடைத்தபோது அதற்கு மாறினேன். 2021இல் வந்த விண்டோஸ் 11 அதை ஏற்கவில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் அதற்கு வேண்டும். என் கணினியில் இரண்டும் இல்லை. பாதுகாப்பு இற்றைப்படுத்தலை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீடித்துப் பெறும் வழியும் அறிவிக்கப்பட்டது. நான் அதற்குப் போகாமல், கோப்புகளை வெளி வன்தட்டில் பிரதி எடுத்துவிட்டு, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினேன். கணினி முன்னரைவிட வேகமாக ஓடியது. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை ஒரு வாரம்தான். பெரியப்பாவின் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, அம்மப்பான்ர கதை உங்களிட்ட இருக்கெண்டு அம்மா சொன்னவா. எனக்கு அனுப்புவீங்களே?"

1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் தென்மராட்சி நோக்கி நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் சனத்தோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். 2001இல் அவர் எங்கள் வானொலியில் அதைப் பற்றிப் பேசினார். உரையை அவர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். அவர் இப்போது இல்லை.

கோப்பைத் திறந்தேன். திரை முழுவதும் ஆங்கில எழுத்துகள். அவற்றில் ஒரு சொல்லும் ஆங்கிலமில்லை. வாசிக்க முடிந்தவை 30, 1995 என்ற இலக்கங்கள் மட்டுமே.

இது ஏன் நடந்தது? 2001இல் நான் பாவித்தது விண்டோஸ் 98. அதில் தமிழுக்கென்று தனி இடம் இல்லை. எழுத்துருக்களில் இருந்தவை 256 இடங்கள். ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்துச் சமாளித்தோம். ஈழத்தவர் பெரும்பாலும் பாவித்த பாமினி அப்படிப்பட்டதுதான். 'தமிழ்' என்று எழுத ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய விசைகளை அழுத்துவோம். கணினி சேமித்து வைத்தது அந்த ஆங்கில எழுத்துகளையே. பாமினி இருக்கும்வரை தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் குப்பை. என் தொழிலில் சொன்னால், பேரேட்டில் 401 என்று குறித்துவிட்டு, 401 எந்தக் கணக்கு என்ற பட்டியலைத் தொலைப்பதுபோல.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பலர் உழைத்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை ஆக்கி, 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பல நாட்டுத் தமிழர்கள் சேர்ந்து திஸ்கி என்ற குறியீட்டை வகுத்தார்கள். 1999இல் தமிழ்நாட்டு அரசு 'தமிழ் 99' விசைப்பலகையையும் 'டாம்', 'டாப்' குறியீடுகளையும் ஏற்றது. ஆனாலும் ஒருவர் அனுப்பிய கடிதத்தை வாசிக்க அவருடைய எழுத்துருவும் வேண்டும் என்ற நிலை தொடர்ந்தது.

உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யுனிகோட் 1991இலேயே தமிழைச் சேர்த்திருந்தது. அதை எழுதிக் காட்டும் வசதி 2000இல் வெளியான விண்டோஸ் 2000உடன்தான் வீட்டு வாசலுக்கு வந்தது. 2001இன் விண்டோஸ் எக்ஸ்பியில் லதா எழுத்துரு இருந்தது; ஆயினும் இறுவட்டைப் போட்டு அந்த வசதியை நாங்களே நிறுவ வேண்டும். 2007இல் விஸ்டா வந்தபின் அந்த வேலையும் இல்லாமற் போனது. 2010இல் தமிழ்நாட்டு அரசும் யுனிகோட்டைத் தரமாக ஏற்றது.

ஒவ்வொரு முறை இயங்குதளம் மாறியபோதும் நான் பாமினியையும் கூடவே காவிச் சென்று நிறுவினேன். அதனால் பெரியப்பாவின் கோப்பு 24 ஆண்டுகள் நலமாக இருப்பதுபோலத் தெரிந்தது. லினக்ஸுக்கு மாறியபோதுதான் பாமினியை மறந்தேன். பிழை புதிய இயங்குதளத்தில் இல்லை. 2001இலிருந்து தள்ளிப்போட்ட வேலையில் இருந்தது.

பழைய இறுவட்டு ஒன்றிலிருந்து பாமினியை எடுத்து நிறுவினேன். தமிழ் திரும்பி வந்தது. பிறகு, யேர்மனியில் வாழும் ஈழத்தவரான சுரதா ஆக்கிய 'பொங்குதமிழ்' எழுத்துரு மாற்றியில் இட்டு யுனிகோட்டாக்கினேன். ஓரிடம் மட்டும் விளங்கவில்லை. பெரியப்பா சைக்கிளில் கட்டிச் சென்ற பொருளின் பெயர் 'ளு' என்று தொடங்கி 'நச' என்று முடிந்தது. நிலையத்தில் இருந்த ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டேன். "சிங்கர் மெசின்ர தலை மட்டும்" என்றார் பெரியப்பா. சிங்கர் என்பதை அன்று ஆங்கிலத்தில் தட்டியிருக்கிறேன்; மாற்றி அதையும் தமிழாக்கிவிட்டது. பெரியம்மாவின் தையல் மெசின் அது. அந்தக் குரலைக் கேட்டபின் வேலையைத் தொடரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பேத்திக்கு அனுப்பினேன். மறுநாள் அழைத்தாள். "மாமா, அந்த மெசின் இப்ப அம்மாட்டத்தான் இருக்கு. எங்கையிருந்து வந்ததெண்டு எனக்குத் தெரியாது."

நேயர்களே, பழைய கணினியை மாற்றுமுன் எல்லாவற்றையும் பிரதி எடுங்கள். 2000ஆம் ஆண்டுகளில் எழுதிய கடிதங்கள், சங்கக் குறிப்புகள், கல்வெட்டுகள் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். பாமினியில் இருந்தால் யுனிகோட்டாக்கி, சொல் சொல்லாகச் சரிபார்த்து, பழைய கோப்பையும் அதனுடன் வைத்திருங்கள். எழுதியவர் உயிருடன் இருந்தால் அவரையே பக்கத்தில் இருத்திச் சரிபாருங்கள். எனக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. நல்லகாலம், ஒலிநாடா இருந்தது.

கோப்புகளை மாற்றத் தெரியாதவர்கள் நிலையத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.