பாய்ஸ் கம்பெனியும் பாய்ஸ் லவ்வும்: எழுதுவோரும் எழுதப்படுவோரும்

பாய்ஸ் லவ் எனப்படும் கதைவகையில் தன்பாலீர்ப்புக் கொண்ட ஆண்கள் ஏன் இத்தனை பேர் என்ற வினா மாணவர்களிடையே அடிக்கடி எழுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது வினாவே அன்று. குறுந்தொகையில் ஏன் இத்தனை காதலர் என்று எவரும் கேட்பதில்லை. அகத்திணையின் இலக்கணம் அது. காதலர் இருவரும் ஆண்களாக இருத்தல் பாய்ஸ் லவ்வின் இலக்கணம். ஆனால் அந்த இலக்கணம் யாருடைய தேவையிலிருந்து பிறந்தது என்று கேட்டால் வினாவுக்குப் பொருள் உண்டாகிறது. விடை தேடித் தோக்கியோவுக்குப் போகுமுன் பாறசாலையில் சற்று நிற்கலாம்.

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் சாலை பழையது. இத்தடத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 1979இல்தான். 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டத்துக்கும் அதே கோரிக்கை எழுந்தது, ஆனால் அது கேரளத்திலேயே தங்கிவிட்டது. கோட்டின் இருபுறத்திலும் இரு மொழிகளும் இன்றும் புழங்குகின்றன. எனவே இவ்வூர்களின் கலை வரலாற்றைத் தமிழ், மலையாளம் என இரு தனி ஏடுகளாகப் பிரித்து எழுத முயல்வது வீண்வேலை.

இரு மொழி நாடக மேடைகளிலும் ஒரு வழக்கம் பொதுவாக இருந்தது. தமிழில் பாய்ஸ் கம்பெனிகளின் காலம். வள்ளியும் பையன், முருகனும் பையன். திருவனந்தபுரத்தில் 1912இல் பிறந்த டி.கே. சண்முகம் இம்மரபில் வளர்ந்து, ஔவையாராக நடித்து 'ஔவை' சண்முகம் ஆனார். மலையாளத்தில் ஓச்சிற வேலுக்குட்டி ஸ்திரீ பார்ட்டில் புகழ்பெற்றவர். குமாரன் ஆசானின் 'கருணா'வைத் தழுவிய நாடகத்தில் அவர் வாசவதத்தை. செபாஸ்டியன் குஞ்ஞுகுஞ்ஞு பாகவதர் உபகுப்தன். மேடையில் ஏங்கியவரும் ஆண், ஏங்கப்பட்டவரும் ஆண். ஆயினும் கதை ஆண்-பெண் காதற்கதையாகவே கொள்ளப்பட்டது. பெண் மேடையேறுவதை இழிவாகக் கருதிய சமூகம் கண்ட ஏற்பாடு அது. அதைத் தன்பாலீர்ப்பின் சான்றாக இன்று வாசிப்பது அவசரம். அதில் அத்தகைய ஈர்ப்பு ஒருபோதும் கலந்திருக்கவில்லை என்று சாதிப்பதும் அதே அளவு அவசரம்.

ஜப்பானில் நிகழ்ந்தது இதன் மறுபக்கம். 1974இல் ஹாகியோ மோத்தோவின் 'தோமாவின் இதயம்', 1976இல் தாகேமியா கேய்கோவின் 'காற்றும் மரமும் பாடும் பாடல்' ஆகியவை தொடராக வந்தன. எழுதியவர்கள் இளம்பெண்கள், வெளியிட்டவை சிறுமியருக்கான இதழ்கள். களமோ ஐரோப்பிய ஆண்கள் விடுதிப்பள்ளி. கதையின் நாயகி பெண்ணானால் கற்பு, திருமணம், தாய்மை என்னும் சுமைகள் அவளோடு சேர்ந்து வந்துவிடும். இரு சிறுவர்களை வைத்தால் அச்சுமைகளை இறக்கிவைத்துவிட்டு இச்சையையும் வன்முறையையும் நிகர்நிலையையும் பேசலாம். இவ்வகையில் ஆண் இணைகள் மலிந்ததற்கு முதன்மைக் காரணம் இதுவே. பிற்காலக் கதைகளில் ஒரு விந்தையான வழக்கமும் வேரூன்றியது: "நான் ஆண்களை விரும்புபவன் அல்லன், உன்னை மட்டுமே விரும்புகிறேன்" என்ற பொருளில் நாயகன் பேசுவது. காதல் முழுக்க ஆண்களிடையே. அடையாளம் மட்டும் மறுக்கப்படுகிறது. 1992இல் சாத்தோ மசாக்கி என்ற தன்பாலீர்ப்பு ஆர்வலர் ஒரு பெண்ணியச் சிற்றிதழில் இதைக் கடுமையாகச் சாடினார். உண்மையான தன்பாலீர்ப்பு ஆண்களைப் பொருட்படுத்தாமல் அவர்களின் உருவத்தை மட்டும் நுகர்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். அவ்விவாதம் பல ஆண்டுகள் நீண்டது. பின்வந்த படைப்புகளில் தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்று சொல்லிக்கொள்ளும் பாத்திரங்கள் பெருகியதில் அதற்கும் பங்குண்டு.

ஹாகியோவின் தொடர் வந்த அதே 1974இல் மலையாளத்தில் வி.டி. நந்தகுமாரின் 'ரண்டு பெண்குட்டிகள்' நாவல் வெளிவந்தது. இங்கே நிலை தலைகீழ்: இரு பெண்களின் காதலை எழுதியவர் ஆண். 1978இல் மோகன் அதைத் திரைப்படமாக்கினார். 1986இல் பத்மராஜனின் 'தேசாடனக்கிளி கரயாறில்ல' வந்தது; பள்ளியிலிருந்து ஓடிப்போகும் இரு மாணவியரின் கதை சாவில் முடிகிறது. தோமாவும் சாகிறான் என்பது உண்மை. ஆனால் அவன் சாவு முதல் பக்கங்களில் நிகழ்ந்து கதையைத் தொடங்கிவைக்கிறது. பத்மராஜனிடம் அது கதையை மூடிவைக்கிறது. இவ்வேறுபாடு சிறிதன்று. 1988இல் மாதவிக்குட்டியின் 'சந்தனமரங்கள்' வந்தபோதுதான் இப்பொருள் பெரும்புகழ் பெற்ற ஒரு பெண்ணின் எழுத்தில் இடம்பெற்றது.

கேரளத்தில் இம்முடிவு கதையோடு நிற்கவில்லை. ஒருவரையொருவர் நேசித்த இளம்பெண்கள் சேர்ந்தே உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் நாளேடுகளில் அடுத்தடுத்து வந்தன. அவற்றுக்கு எதிர்வினையாகவே 2002இல் 'சகயாத்ரிக' அமைப்பு உருவானது. புனைவில் எத்தனை தன்பாலீர்ப்புப் பாத்திரங்கள் என்று எண்ணி, அதைக்கொண்டு சமூகத்தின் ஏற்பை அளக்க முயலும் ஆய்வேடுகள் இடறுவது இந்த இடத்தில்தான்.

2004இல் லிஜி புல்லப்பள்ளி 'சஞ்சாரம்' திரைப்படத்தை எடுத்தார். அதிலும் காதலியருள் ஒருத்திக்குத் திருமணம் ஏற்பாடாகிறது. மற்றவளான கிரண் சாவைத் தேர்ந்துகொள்வதில்லை.