எக்ஸ்-ரே நோவா: பல வருஷம் தூங்கி, திடீர்னு சீறும் கருந்துளை... இந்தியா எப்படி கண்காணிக்கிறது?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் எர்ணாவூர் மொட்டை மாடியிலிருந்தே அதன் புகைக்கோடு தெரியும். 2015 செப்டம்பர் 28-ம் தேதி காலை 10 மணிக்கு பிஎஸ்எல்வி சி-30 அப்படித்தான் கிளம்பியது. அது சுமந்து சென்ற ஆஸ்ட்ரோசாட், வானியல் ஆய்வுக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள். எக்ஸ்-ரே நோவாக்களைப் பின்தொடர்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று.

எக்ஸ்-ரே நோவா என்றால் என்ன?

ஒரு கருந்துளையும் ஒரு சாதாரண நட்சத்திரமும் ஜோடியாகச் சுற்றுகின்றன. (சில ஜோடிகளில் கருந்துளைக்குப் பதில் நியூட்ரான் நட்சத்திரம் இருக்கும்.) நட்சத்திரத்திலிருந்து வழியும் வாயு நேராக உள்ளே விழாது. கருந்துளையைச் சுற்றி ஒரு தட்டு மாதிரி, வருஷக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் தட்டு சூடேறி, அதிலுள்ள ஹைட்ரஜன் அயனியாகிறது. உராய்வு கூடுகிறது. சேர்த்து வைத்த வாயு கருந்துளையை நோக்கிச் சரிகிறது. தட்டின் உள்பகுதி சுமார் ஒரு கோடி டிகிரியைத் தொட்டு, எக்ஸ்-ரே கொட்டுகிறது.

அப்போ நட்சத்திரம் வெடிக்கிறதா? இல்லை. சாதாரண நோவாவில்தான் வெண்குள்ளன் மேற்பரப்பில் அணுக்கரு வெடிப்பு நடக்கும். இங்கே நடப்பது வாயுச் சரிவு மட்டுமே. அதனால் மறுபடியும் வரும்.

எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை?

1975-ல் ஏரியல்-5 செயற்கைக்கோள் கண்டுபிடித்த ஏ0620-00, அதற்கு முன் 1917-ல் பொங்கியது பழைய புகைப்படத் தகடுகளில் தெரியவந்தது. வி404 சிக்னி 1938, 1989, 2015 ஆகிய ஆண்டுகளில் சீறியது. ஒரு விஞ்ஞானி ஒன்றைத் தவறவிட்டால், அடுத்தது அவர் வாழ்நாளிலேயே வராமல் போகலாம்.

எர்ணாவூரிலிருந்து பார்க்க முடியுமா?

எக்ஸ்-ரேயைப் பார்க்கவே முடியாது. காற்று மண்டலம் அதைத் தடுத்துவிடும். அதனால்தான் செயற்கைக்கோள் தேவை. ஆனா சீற்றத்தின்போது கண்ணுக்குப் புலப்படும் ஒளியும் கூடும். அதுவும் வெறும் கண்ணுக்கு எட்டாது, தொலைநோக்கி வேண்டும். துறைமுகமும் தொழிற்சாலைகளும் இரவெல்லாம் விளக்கெரிக்கும் பகுதியில் அது இன்னும் கஷ்டம். ஜவ்வாது மலையில் இருட்டான காவலூரை வானியலாளர்கள் தேர்ந்தெடுத்தது இதனால்தான். அங்கே 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது.

யார் முதலில் கண்டுபிடிப்பது?

இதில்தான் போட்டியே! 2018 மார்ச்சில் மேக்ஸி ஜே1820+070 சீறியபோது, தரையிலிருந்து வானத்தை அலசும் ஆசாசன் தொலைநோக்கிகள்தான் முதலில் பார்த்தன. சர்வதேச விண்வெளி நிலையத்திலுள்ள ஜப்பானின் மேக்ஸி கருவி சில நாள் கழித்துத்தான் எக்ஸ்-ரேயைப் பிடித்தது. அதாவது முதலில் தட்டு வெளிச்சமாகிறது, எக்ஸ்-ரே பின்னால் வருகிறது. சரிவு எப்படித் தொடங்குகிறது என்ற கேள்விக்கான விடை அந்த ஆரம்ப நாட்களில்தான் இருக்கிறது. அவை போனால் போனதுதான்.

இந்தியாவின் பங்கு என்ன?

ஆஸ்ட்ரோசாட்டில் வானத்தை அலசும் எஸ்எஸ்எம் கருவி இருக்கிறது. எங்காவது சீற்றம் என்று தகவல் வந்தால், திட்டமிட்ட வேலையை ஒதுக்கிவிட்டு அந்தப் பக்கம் செயற்கைக்கோளைத் திருப்பவும் ஏற்பாடு உண்டு.

2023 ஆகஸ்ட் 24-ல் ஸ்விஃப்ட் ஜே1727.8-1613 சீறியபோது, அதை முதலில் காமா கதிர் வெடிப்பு என்றே நினைத்தார்கள். சில நாட்களிலேயே அது நண்டு நெபுலாவைவிட சுமார் 7 மடங்கு எக்ஸ்-ரே பிரகாசத்தை எட்டியது. ஆஸ்ட்ரோசாட்டும் அதைக் கவனித்தது. நொடிக்கு ஒன்றிரண்டு முறை துடிக்கும் எக்ஸ்-ரே அலைவுகளை, சுமார் 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வரை இந்திய விஞ்ஞானிகள் கண்டறிந்தனர்.

அடுத்து என்ன?

ஆஸ்ட்ரோசாட்டின் திட்ட ஆயுள் 5 ஆண்டுகள்தான், அது எப்போதோ முடிந்துவிட்டது. 2024 ஜனவரி 1-ல் ஏவப்பட்ட எக்ஸ்போசாட், எக்ஸ்-ரே எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை அளக்கிறது. ஆனா அது ஆஸ்ட்ரோசாட்டுக்கு மாற்று அல்ல. புற ஊதா முதல் எக்ஸ்-ரே வரை ஒரே நேரத்தில் பார்க்கும் வசதி அதில் கிடையாது. கருந்துளை நேரம் சொல்லிவிட்டு சீறாது. அது சீறும் நாளில் பார்க்க ஒரு கண் விழித்திருக்க வேண்டும்.