ஆறு நாள் வேலையும் மூவாயிரம் ரூபாயும்

வன்னியில் தொழிலாளியிடம் வரி கேட்டவர்கள் காலத்துக்குக் காலம் மாறினார்கள். செலவு போக அவன் கையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தவர்கள் குறைவு. ஒல்லாந்தர் வன்னியர்களிடம் யானைகளைத் திறையாக வாங்கினார்கள். காட்டுக்குள் இறங்கி அவற்றைப் பிடித்தவர்கள் சாதாரண குடிகள். ஆங்கிலேயரின் 1848ஆம் ஆண்டு வீதிச் சட்டம், 18 முதல் 55 வயதுவரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும், இல்லையேல் ஈடாகப் பணம் கட்ட வேண்டும் என்றது. பணக்காரனுக்கும் குளத்துக்குக் கீழே ஒரு போகம் விதைத்தவனுக்கும் அதே ஆறு நாள்தான்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இந்த அநீதியைத் தவிர்க்கவே முயன்றது. அதன் 152ஆம் பிரிவு ஒரு தொழிலின் முன்னைய ஆண்டு வரவைப் பார்த்துப் படிப்படியாக வரி விதித்தது: 6,000 ரூபாய்வரை ஒன்றுமில்லை, அதற்கு மேல் 90 ரூபாயில் தொடங்கி, 150,000 ரூபாயைத் தாண்டினால் 3,000 ரூபாய். அன்றைக்கு அது நியாயமான ஏணி. ஆனால் போரால் கிளிநொச்சியின் சபைகள் 2011இலும், புதுக்குடியிருப்பு, கரைத்துறைப்பற்றுச் சபைகள் 2018இலுமே தேர்தலைக் கண்டன. அதற்குள் ரூபாயின் பெறுமதி விழுந்துவிட்டது, வரி அட்டவணையின் எல்லைகளோ அசையவில்லை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைத்தது 550,000 ரூபாய். சீமெந்து, கம்பி, ஓடு உட்பட அப்படியொரு வீட்டை முழுக் கொந்தராத்தாக எடுத்த மேசன், அந்த ஒரு வீட்டோடே உச்சப்படிக்கு ஏறிவிடுவார். கோடிக்கணக்கில் வேலை எடுக்கும் நிறுவனத்துக்கும் அதே படி, அதே 3,000. வரவைக் கணக்கிடும் சட்டம் கடைக்காரருக்குப் போன சாமான் காசையும் மேசனின் வரவாகவே எண்ணுகிறது.

மூவாயிரம் பெரிய தொகையா என்று கேட்கலாம். பெரிய நிறுவனத்துக்கு இல்லை. மழைக்காலத்தில் வேலையில்லாமல் இருக்கும் மேசனுக்கு அது வீட்டுச்செலவுக் காசு. வரியைக் குறைத்தால் சபை எதைக்கொண்டு ஒழுங்கை போடும், குப்பை அள்ளும் என்பது இன்னும் வலுவான கேள்வி. வரியே வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. உச்சவரம்பே பெரிய நிறுவனங்களைக் காப்பாற்றுகிறது; அதை உயர்த்தினால் சபைக்கு வரவு கூடும். அடிமட்ட எல்லையை இன்றைய விலைவாசிக்கு ஏற்றி, சாமான் செலவைக் கழித்து, கூலிப்பங்குக்கு மட்டும் வரி கேட்க வேண்டும். இந்த அட்டவணையைத் திருத்தும்படி வன்னிச் சபைகளின் உறுப்பினர்கள் தீர்மானம் நிறைவேற்றி அரசிடம் கேட்கட்டும்.